எம்.எல்.ஏ.விடம் கட்டடம் கேட்காதீர்கள், சம்பளம் கேளுங்கள்

வாசகர் ஒருவர், லிங்கராஜபுரம், பெங்களூரு
நவம்பர் 3, 2025

எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். எம்.எல்.ஏ.வைப் பார்த்து அரசுப் பணம் கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாலு பேர் மாதம் ஐந்நூறு போட்டால் காரியம் நடந்துவிடும். அரசுப் பணம் வந்தால் கூடவே கட்சிக்காரர்களும் வருவார்கள். கையேந்தாமல் நடத்துவதில் என்ன குறை?

நவம்பர் 3, இரவு (பதில்)

குறை இருக்கிறது ஐயா. உங்கள் இளைஞர்களிடம் இல்லை, ஏற்பாட்டில்தான். இதே பெங்களூரில் மர்பி டவுன் பக்கம் நாங்களும் மாலைக் கூடத்தை இப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரு சிறிய கூடம், இரண்டு பாய், ஒரு கரும்பலகை. பி.காம். முடித்த பெண் ஒருத்தி மாலையில் வந்து பிள்ளைகளோடு உட்காருவாள். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாக்கிச் சொல்லித்தருவாள். கண்டிப்பானவள், ஆனால் எந்தப் பிள்ளையும் அவளுக்கு அஞ்சி ஓடியதில்லை. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் போய்விட்டாள். போக வேண்டியதுதான், அவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். நாங்கள் கொடுத்தது பஸ் பாஸுக்கும் கொஞ்சம் மீதிக்கும் மட்டுமே போதுமானதாக இருந்தது. அடுத்த ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் பிள்ளைகளில் பாதிப் பேர் வருவதை விட்டுவிட்டார்கள்.

நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர்தான் முதலில் போவார், ஏனென்றால் அவருக்குத்தான் வெளியில் வேலை கிடைக்கும். நன்கொடையால் இதைத் தடுக்க முடியாது. மாதச் சம்பளத்தால் முடியும்.

நவம்பர் 4, காலை

நேற்று அவசரமாக எழுதினேன். அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி, 30-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2025 வரை விதி இருந்தது. அது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். அங்கன்வாடியும் ஆறு வயது வரைதான். ஆறிலிருந்து பதினான்கு வரை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பொறுப்பேற்கிறது. அதுவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்று பள்ளி நேரத்தைக் கணக்கிட்டு முடித்துக்கொள்கிறது. மணி அடித்ததும் சட்டமும் வீட்டுக்குப் போய்விடுகிறது.

பிள்ளை நாலேகாலுக்கு வெளியே வருகிறது. கார்மெண்ட்ஸில் தைக்கும் அம்மா ஐந்தரைக்கு மேல் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, காய் வாங்கிக்கொண்டு வீடு சேரும்போது மணி ஏழு. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இருந்தால் எட்டரை. இந்த மூன்று மணி நேரத்துக்கு மேலே சொன்ன சட்டங்களில் எதுவும் பதில் சொல்லவில்லை. ஐந்து வயதில் காப்பகத்துக்கு உரிமையுள்ள குழந்தை, ஏழு வயதில் பூட்டிய வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று யார் முடிவு செய்தார்கள்?

இதைத்தான் சட்டம் இயற்றுபவர்களிடம் கேட்கச் சொல்கிறேன். இதைக் கையேந்துவது என்று சொல்லாதீர்கள்.

நவம்பர் 4, மதியம்

"பிள்ளையைப் பெற்றவர்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு அன்பர் எழுதியிருக்கிறார். பெற்றவர்கள் அந்த நேரத்தில் உங்கள் சட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறென்ன சொல்வது?

நவம்பர் 5

எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது என்பதில்தான் பெரும்பாலான மனுக்கள் வீணாகின்றன. விரிவாக எழுதுகிறேன்.

கர்நாடகத்தில் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. எம்.பி.க்கு 5 கோடி. எம்.பி. திட்டம் 1993-இல் தொடங்கியது. இந்த நிதிகளின் போக்கு ஒன்றுதான்: நிலையாக நிற்கும் சொத்தை உருவாக்கலாம், மாதச் சம்பளம் தர முடியாது. கூடம் கட்டலாம், பெஞ்சு வாங்கலாம், விளக்கு போடலாம். உள்ளே உட்கார்ந்து பாடம் சொல்லும் பெண்ணுக்கு ஒரு ரூபாய் தர வழியில்லை.

அதனால்தான் நம் பகுதிகளில் பெயர் எழுதிய சமுதாயக் கூடங்கள் வரிசையாக நிற்கின்றன, மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் அனுபவமும் இதுவே. எங்கள் கோரிக்கையை முழுதாகக் கேட்பதற்கு முன்பே அலுவலகத்தில் இருந்தவர், "ஷெட் போட்டுத் தரலாம், இடம் காட்டுங்கள்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான். எங்களில் சிலருக்கு அப்போதே சந்தோஷம். நான் மறுத்துப் பேசினேன். ஷெட் வந்தால் கேட்டது கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடிவிடுவார்கள், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு வாயைத் திறக்க முடியாது.

இடம் ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளிக் கட்டடம் நாலரைக்குப் பிறகு காலி. அதைத் திறந்துவைக்க அனுமதி, அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சம்பளம். கேட்க வேண்டியது இந்த இரண்டும்தான். சம்பளம் தொகுதி நிதியிலிருந்து வராது. மாநில பட்ஜெட்டில் அதற்கென்று தனித் தலைப்பு வேண்டும். எம்.எல்.ஏ.விடம் அவருடைய 2 கோடியைக் கேட்காதீர்கள், அவையில் அவருடைய குரலைக் கேளுங்கள்.

எங்கள் கணக்கைத் தருகிறேன். 30 பிள்ளைகள், இரண்டு பெண்கள், ஆளுக்கு 8,000 ரூபாய், மொத்தம் 16,000. சிற்றுண்டி பிள்ளைக்கு 10 ரூபாய் வீதம் 22 நாள், 6,600. ஆக மாதம் 22,600. பிள்ளை ஒன்றுக்கு 750 ரூபாய் சொச்சம். இன்று பல தாய்மார்கள் தனியார் டியூஷனுக்குச் சம்பளத்திலிருந்து பிடுங்கிக் கொடுக்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நவம்பர் 6

சிற்றுண்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும். மதிய உணவுக்கும் இரவுச் சோற்றுக்கும் நடுவே எட்டு மணி நேரம் ஓடிவிடுகிறது. ஐந்து மணிக்குப் பசித்த பிள்ளையிடம் பின்னக் கணக்கு நடத்திப் பாருங்கள், தெரியும். சுண்டல் போட்ட நாளில் வருகைப் பதிவேடு நிறைந்திருக்கும். ஏலக்கி வாழைப்பழமும் நல்லது, உரித்துத் தின்றுவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவார்கள். பிஸ்கட் வேண்டாம், அது பசியை ஆற்றுவதில்லை.

கேரம் போர்டும் வேண்டும். மூன்று மணி நேரமும் பாடமே என்றால் அது இரண்டாவது பள்ளிக்கூடம். எங்கள் இடத்தில் கடைசி அரை மணி விளையாட்டு. அதற்காகவே வீட்டுப்பாடத்தைச் சீக்கிரம் முடிப்பார்கள்.

நவம்பர் 8

"தமிழ்நாட்டில் அரசே மாலை வகுப்பு நடத்தியதே, அதைச் சொல்லிக் கேட்கலாமே" என்று ஹலசூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இல்லம் தேடிக் கல்வியைச் சொல்கிறார். கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, குடியிருப்புக்குள்ளேயே. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். பிள்ளைகளின் வாசலுக்கே அரசுப் பணம் போக முடியும் என்று அது காட்டியது. அதற்காக நான் பெருமைப்படுகிறேன்.

ஆனால் நம் மனுவில் அந்த 1,000 ரூபாயை மாதிரியாகக் காட்டாதீர்கள். தன்னார்வலர் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தத் தொகை ஏறுவது கடினம். பெங்களூரில் 1,000 ரூபாய் பஸ்ஸுக்குப் போய்விடும். பணியாளர், மாத ஊதியம் என்றே எழுதுங்கள்.

காமராசர் கால மதிய உணவும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1956-ஐ ஒட்டி அது விரிந்தபோது ஊர் மக்கள் கொடுத்த நெல்லும் காசும் பெரும்பங்கு. பிறகு அரசு தன் பங்கைப் போட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். ஊர்க் கொடையில் தொடங்குவதை நான் மறுக்கவில்லை. அந்த நெல்லோடு நின்றிருந்தால் இன்று சத்துணவு இருந்திருக்காது. லிங்கராஜபுரத்து ஐயாவுக்காகவே இதை எழுதுகிறேன்: உங்கள் ஐந்நூறு ரூபாய் நல்ல தொடக்கம்.

நவம்பர் 9

"பணம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வி எந்த அலுவலகத்திலும் வரும். கையில் பதில் இருக்க வேண்டும்.

வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரிக்கு மேல் செஸ் என்று ஒரு தொகை, அதாவது குறிப்பிட்ட செலவுக்கென்ற கூடுதல் வரி, இருக்கும். அதற்குள் நூலக செஸ் இருக்கிறது. கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965-ஆம் ஆண்டுடையது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 6 காசு நூலகத்துக்கு என்று வசூலாகிறது. மாநகராட்சி வசூலித்து நூலகத் துறைக்குக் கொடுக்க வேண்டும். பெங்களூரில் அப்படிக் கொடுக்காமல் நிறுத்திவைத்த பாக்கி பல கோடி என்ற செய்தி பத்திரிகைகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக இதைக் கட்டுகிறார்.

கிராமத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள். கிராமப் பஞ்சாயத்து நூலகங்களைக் கிராம வளர்ச்சித் துறையின் கீழ் கொண்டுவந்து, 2020 நவம்பரில் 'ஓதுவ பெளகு' என்ற இயக்கத்தைத் தொடங்கிப் பிள்ளைகளை இலவச உறுப்பினராக்கினார்கள். அப்படி 5,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள். நகரத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைக்கு மட்டும் அந்தக் கதவு ஏன் திறக்கக் கூடாது? செஸ் இங்கேதானே அதிகம் வசூலாகிறது?

நவம்பர் 9, இரவு

இன்னொரு யோசனை. நூலக செஸ்ஸை நூலகத்துக்குத்தான் செலவிட வேண்டும். மாலை வாசிப்பறை, புத்தகம், விளக்கு, அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் வரை நியாயமாகக் கேட்கலாம். சுண்டலுக்கு அதிலிருந்து கேட்டால் முதல் ஆட்சேபணையிலேயே மனு திரும்பி வரும். எனவே கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். வாசிப்பறையும் பணியாளரும் நூலகத் துறைக்கு, சிற்றுண்டியும் பள்ளி அறையும் பள்ளிக் கல்வித் துறைக்கு. இரண்டு துறைக்கும் ஒரே மனுவைக் கொடுத்தால் ஒன்று மற்றதைக் கைகாட்டும்.

இன்னொன்று. நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பிவிட்டுப் பிள்ளைகளை உட்காரவைக்கச் சொல்லாதீர்கள். அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். தனி அறை கேளுங்கள்.

நவம்பர் 11

தகவல் உரிமைச் சட்டம் வழியாகக் கேட்கலாமா என்றால், கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனு ஒரே பொருளைப் பற்றி, 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. நம் ஆட்கள் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கி வருகிறார்கள். நம் மாநகராட்சியில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் வசூலான நூலக செஸ் எவ்வளவு, நூலகத் துறைக்குக் கொடுத்தது எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தாளை மனுவோடு இணைத்தால் எதிரே இருப்பவர் கணக்கைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நவம்பர் 12

யாரைப் பார்ப்பது என்பதில் பலருக்குக் குழப்பம். 2020 செப்டம்பரில் பெங்களூர் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது, அதன் பிறகு பல ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தை அமைத்திருக்கிறார்கள். முதல்வர் அதன் தலைவர். நகரத்து எம்.எல்.ஏ.க்கள் அதில் உறுப்பினர்கள். ஆகவே எம்.எல்.ஏ.வுக்கு இப்போது சட்டமன்றம், ஆணையம் என்று இரண்டு இடத்தில் பேச வாய்ப்பிருக்கிறது. மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

பலர் மறந்துவிடும் இன்னொருவர் இருக்கிறார். சட்ட மேலவை உறுப்பினர். மேலவையின் 75 இடங்களில் 7 பேர் ஆசிரியர் தொகுதியிலிருந்தும் 7 பேர் பட்டதாரித் தொகுதியிலிருந்தும் வருகிறார்கள். ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரிடம் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது எளிது. சாலை, சாக்கடை என்று அவர் வாசலில் கூட்டமும் இராது. எங்களை அப்படி ஒருவர் உட்காரவைத்துப் பேசினார், குறுக்குக் கேள்வி கேட்டார், எங்கள் கணக்கில் சிற்றுண்டி விலையைத் தானே பேனாவால் திருத்திப் பார்த்தார். அவரிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. அவையில் ஒரு கேள்வி எழுப்பும்படி கேட்டோம். அமைச்சர் தரும் பதில் அவைப் பதிவில் ஏறிவிடும். "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதிலுக்கும் மதிப்புண்டு. அடுத்த ஆண்டு அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பரிசீலனை எங்கே நிற்கிறது என்று கேட்கலாம்.

நவம்பர் 12, சற்று நேரம் கழித்து

காலத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். பட்ஜெட் மார்ச்சில் வாசிக்கப்படும். துறைகள் தங்கள் தேவையை அதற்குச் சில மாதங்கள் முன்பே நிதித்துறைக்கு எழுதிவிடுகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் முதல்வர் துறைவாரியாகக் கூட்டம் நடத்துகிறார். 2025-இல் முதல்வராக இருந்த சித்தராமையா நிதித்துறையையும் தானே வைத்திருந்தார், அந்த மார்ச்சில் வாசித்தது அவருடைய 16-ஆவது பட்ஜெட். மார்ச்சில் மாலை, சால்வையோடு போய் நின்றால் அச்சாகிவிட்ட புத்தகத்தில் யாராலும் வரி சேர்க்க முடியாது. நவம்பர், டிசம்பர்தான் நமக்குக் காலம். சட்டமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடருக்கு உறுப்பினர்கள் பெலகாவி நகரத்துக்குப் போய்விடுவார்கள், அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நவம்பர் 15

மனு கன்னடத்தில் இருக்கட்டும். ஒரே பக்கம். தமிழர் சங்கம் என்ற பெயரில் போகாதீர்கள். இதைச் சொல்லும்போது சிலருக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். எங்கள் கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உருது பேசும் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் ராய்ச்சூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். நாலேகால் மணி எல்லோருக்கும் நாலேகால்தான். எல்லாத் தாய்மார்களின் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால், இது ஒரு மொழிக்காரர்களின் கோரிக்கை என்று ஒதுக்கிவைக்க யாருக்கும் இடமிருக்காது.

நம்மவர்களுக்கென்று ஒரு தனி இடர் இருக்கிறது, அதையும் எழுதுங்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த அம்மா தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். பிள்ளையின் நோட்டில் இருப்பது கன்னடமும் ஆங்கிலமும். வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. அக்கறை இல்லாததால் அல்ல. எங்கள் கூடத்துக்கு வரும் ஒரு தாய், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கன்னட எழுத்து கற்றுக்கொண்டார். இப்போது பஸ்ஸில் பலகை படிக்கிறார்.

தாய்மார்களை அழைத்துப் போகும்போது ஞாயிறு காலையாகப் பாருங்கள். வேலை நாளில் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும். பேசவேண்டியது அவர்கள்தான், நாம் பக்கத்தில் நிற்போம். பிள்ளைகளைச் சீருடையில் வரிசையாக நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாடவைக்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு விடுங்கள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுப்பதில்லை. அவர்கள் குடிமக்கள், தோரணம் அல்ல.

நவம்பர் 16

மனுவைக் கொடுத்ததும் இன்வர்டு எண்ணும் (மனு வந்ததைப் பதிவு செய்த எண்) முத்திரையும் போட்ட நகலை வாங்காமல் வராதீர்கள். உதவியாளர் "நான் சொல்லிவிடுகிறேன்" என்றாலும் சரி.

நவம்பர் 19

கலிபோர்னியாவில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் ஓர் அம்மா எழுதுகிறார்: "இங்கே பள்ளி முடிந்ததும் ஆறு மணி வரை பள்ளியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். யார் பணம் தருகிறார்கள்?"

அந்த மாநிலத்தில் 2002-இல் மக்கள் வாக்கெடுப்பில் 49-ஆம் முன்மொழிவு நிறைவேறியது. அதை முன்னின்று நடத்தியவர் நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர், அப்போது அவர் ஆளுநர்கூட இல்லை. அதன்படி பள்ளி நேரத்துக்குப் பிந்தைய திட்டங்களுக்கு ஆண்டுக்கு 55 கோடி டாலர் வரை மாநில நிதியில் ஒதுக்கப்படுகிறது. மத்திய அரசின் பணமும் தனியாக வருகிறது, நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர். 2025 ஜூலையில் அதை வெள்ளை மாளிகை நிறுத்திவைத்தது. ஆளுங்கட்சியின் செனட்டர்கள் பத்துப் பேரே விடுவிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள், சில நாட்களில் பணம் வந்தது. அந்தச் செனட்டர்களின் மாநிலங்களிலும் வேலைக்குப் போகும் பெற்றோர் இருக்கிறார்கள். எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் போய்ப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பட்ஜெட்டில் இடம் கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நவம்பர் 21

கட்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அச்சம் நியாயமானது. பேனர் கட்டுவார்கள், வேண்டியவரை வேலைக்குச் சேர்க்கச் சொல்வார்கள். அதற்கான தடுப்பை மனுவிலேயே எழுத வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கர்நாடகத்தில் எஸ்.டி.எம்.சி. என்று நாம் சொல்வது அதைத்தான். மாலைக் கூடம் அந்தக் குழுவின் பொறுப்பில் நடக்கட்டும், ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. ஊதியம் பணியாளரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். செலவுக் கணக்கு பள்ளிச் சுவரில் மாதந்தோறும் ஒட்டப்படட்டும்.

எஸ்.டி.எம்.சி. பல பள்ளிகளில் பெயருக்குத்தான் இருக்கிறது என்பீர்கள். உண்மை. அதை உயிரோடு வைத்திருக்க ஒரு காரணம் வேண்டும், தன் பிள்ளையின் மாலை நேரத்தைவிடப் பெரிய காரணம் ஒரு தாய்க்கு இருக்காது. கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி, அதன் நகலை மனுவோடு வையுங்கள்.

நவம்பர் 23

எம்.எல்.ஏ.வுக்குக் கொடுக்கும் மனுவின் கோரிக்கைப் பகுதியைப் பலர் கேட்டதால் தமிழில் இங்கே தருகிறேன் (துறைகளுக்கு இதையே இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்):

"அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வேலை நாட்களில் மாலை 4.30 முதல் 7.30 வரை பிள்ளைகளுக்கான மாலைக் கூடம் நடத்த வரும் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். 30 பிள்ளைகளுக்கு இரண்டு பெண் பணியாளர்களை மாத ஊதியத்தில் நியமிக்க வேண்டும். பெங்களூரில் வசூலாகும் நூலக செஸ்ஸிலிருந்து குடிசைப் பகுதிகளில் பிள்ளைகளுக்கான மாலை வாசிப்பறைகள் திறக்க வேண்டும். கட்டடம் எதுவும் நாங்கள் கோரவில்லை."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமே, எதற்கு வலியப் போய் மறுக்க வேண்டும் என்று இருவர் கேட்டார்கள். எடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஷெட் வந்துவிடும்.

கன்னடப் படியைப் பள்ளி ஆசிரியை ஒருவர் சரிபார்த்துக்கொடுத்துவிட்டார். ஹலசூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம் மூன்று இடத்துக்கும் படி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் கூடத்தில் கையெழுத்து. ஸ்ரீராமபுரம், ஓக்லிபுரம் பக்கத்தவர்களுக்கு எம்.எல்.ஏ. வேறு, உங்களுக்குத் தனிப் படி வேண்டும். எத்தனை என்று வியாழனுக்குள் எழுதுங்கள், அச்சடித்துத் தருகிறேன்.